மூச்சில் சேரும் கடன்: நகரக் காற்றும் மார்பகப் புற்றுநோயும்

நவம்பர் பிறந்தால் தில்லி மாநகரின் விடியலுக்கு நிறம் மாறிவிடுகிறது. காலை எட்டு மணிக்கும் வாகனங்கள் விளக்கை எரியவிட்டுச் செல்கின்றன. ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் இறங்கும் பயணி கண்ணைக் கசக்கிக்கொள்கிறார். பள்ளிப் பேருந்துக்குக் குழந்தையுடன் காத்திருக்கும் தாய், முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார். அன்றைய காற்றுத் தரக் குறியீடு நாளிதழ்களின் முதற்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. நெல் அறுவடைக்குப் பின் வயல்களில் எரிக்கப்படும் தாள், வாகனப் புகை, கட்டுமானப் புழுதி, தொழிற்சாலைப் புகை ஆகிய அனைத்தையும் குளிர்காலக் காற்று மேலே எழவிடாமல் நகரின் மீதே தேக்கி வைக்கிறது.

மாசடைந்த காற்று என்றதும் ஆஸ்துமா, நுரையீரல் நோய், மாரடைப்பு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மார்பகப் புற்றுநோயை அந்த வரிசையில் எவரும் வைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அண்மை ஆண்டுகளில் வெளியான சில பெரிய ஆய்வுகள், நகரக் காற்றுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை எண்களுடன் முன்வைக்கத் தொடங்கியுள்ளன. அவ்வாய்வுகள் கூறுவது என்ன, கூறாதது என்ன, ஒரு குடும்பம் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பவற்றை நிதானமாகக் காண்போம்.

துகளின் அளவும் தரத்தின் அளவும்

காற்றில் மிதக்கும் துகள்களுள் 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைந்த விட்டம் உடையவை 'பி.எம். 2.5' எனப்படுகின்றன. தலைமயிர் ஒன்றின் தடிமனில் இவை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும். மூக்கிலுள்ள மயிர்களும் தொண்டையின் சளியும் பெரிய புழுதியைத் தடுத்துவிடுகின்றன. இந்த நுண்துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்லக்கூடியவை. அவற்றுள் மிகச் சிறியவை அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கக்கூடும்.

இத்துகள்களின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வகுத்த வழிகாட்டுதல். இந்தியா 2009-இல் வகுத்த தேசியத் தரம் 40 மைக்ரோகிராம். தில்லியின் ஆண்டுச் சராசரி அண்மைக் காலத்தில் 100 மைக்ரோகிராமை ஒட்டியே இருந்து வருகிறது. அதாவது, நம் நாட்டுத் தரத்தைப்போல் இரண்டரை மடங்கு. உலக வழிகாட்டுதலைப்போல் இருபது மடங்கு.

இது தில்லிக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 2019 ஜனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 130 நகரங்கள் சேர்க்கப்பட்டன. கங்கைச் சமவெளியின் கான்பூர், லக்னோ, பாட்னா முதல் மும்பை, கொல்கத்தா வரை அப்பட்டியல் நீள்கிறது. இந்த நகரங்களில் வாழும் பல கோடிப் பெண்களுக்கு இது அன்றாட மூச்சின் செய்தி.

ஆய்வுகள் கூறுவது

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2013 அக்டோபரில் வெளிப்புறக் காற்று மாசினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. அம்முடிவுக்கு அடிப்படையாக இருந்தது நுரையீரல் புற்றுநோய். மார்பகத்தைப் பற்றிய சான்றுகள் அப்போது போதிய அளவில் இல்லை.

அதன்பின் பத்தாண்டுகளில் நிலை சற்று மாறியது. அமெரிக்காவில் 1995-96-இல் பதிவு செய்யப்பட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஏறத்தாழ 1,97,000 பெண்களின் விவரங்கள் ஆராயப்பட்டு, முடிவுகள் 2023-இல் வெளியாயின. அவர்களுள் 15,870 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. ஆய்வில் சேர்வதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர்கள் வாழ்ந்த இடத்தின் பி.எம். 2.5 அளவு 10 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தால், நோய் வாய்ப்பு 8 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உடைய புற்றுநோய் வகையிலேயே இத்தொடர்பு தென்பட்டது. ஏற்பி இல்லாத வகையில் தென்படவில்லை. அதே 2023-இல் ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவ மாநாட்டில் முன்வைக்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு, அதே 10 மைக்ரோகிராம் உயர்வுக்கு 28 விழுக்காடு கூடுதல் வாய்ப்பைக் கண்டது.

இந்த எண்களைப் படிக்கும் முறை முக்கியமானது. 8 விழுக்காடு என்றால் நூறு பெண்களில் எட்டுப் பேருக்கு நோய் வரும் என்று பொருளன்று. தூய்மையான காற்றுள்ள ஊரில் நூறு பேருக்கு இந்நோய் வருமானால், மாசு கூடிய ஊரில் அதே எண்ணிக்கையுள்ள பெண்களிடையே நூற்றெட்டுப் பேருக்கு வரக்கூடும் என்பதே பொருள். தனி ஒருவருக்கு இக்கூடுதல் சிறியது. ஆனால் காற்றை எவரும் தேர்ந்தெடுத்துச் சுவாசிப்பதில்லை. நகரம் முழுவதும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறது. ஆகவே சிறிய கூடுதலும் மக்கள்தொகைக் கணக்கில் பெரிய தொகையாகிவிடுகிறது.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. இவ்வாய்வுகள் தில்லியைவிட மிகத் தூய்மையான காற்றுள்ள நாடுகளில் நடந்தவை. அங்குக் கண்ட விகிதத்தை அப்படியே பத்தால் பெருக்கித் தில்லிக்குப் பொருத்துவது முறையாகாது. மேலும், நகரப் பெண்கள் தாமதமாகக் கருவுறுவதும், குறைவாகப் பிள்ளை பெறுவதும், குறைந்த காலமே தாய்ப்பால் ஊட்டுவதும், உடலுழைப்புக் குறைவும் தனித்தனியே மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை உயர்த்துபவை. இவற்றின் பங்கையும் காற்றின் பங்கையும் பிரித்தறிவது எளிதன்று. காற்று மாசு இந்நோயின் ஒரே காரணமோ தலையாய காரணமோ அன்று. புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

நுரையீரலிலிருந்து மார்பகம் வரை

மூக்கு வழியே நுழையும் துகள் மார்பகத்தை எவ்வாறு தொடும் என்ற வினா இயல்பானது. நுண்துகள் வெறும் மண்ணன்று. டீசல், நிலக்கரி, விறகு, குப்பை ஆகியவை அரைகுறையாக எரியும்போது உண்டாகும் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் அதன்மேல் படிந்திருக்கின்றன. பென்சோபைரீன் அக்குடும்பத்தைச் சேர்ந்தது, மரபணுவைச் சிதைக்கக்கூடியது. காட்மியம் போன்ற உலோகங்களும் துகளோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. இவற்றுள் சில, உடலின் ஹார்மோன் சமிக்ஞைகளில் தலையிடும் இயல்புடையவை. ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் மார்பகத் திசுவுக்கு அது நல்லதன்று.

மேலும், மார்பகத்தின் பெரும்பகுதி கொழுப்புத் திசு. கொழுப்பில் கரையும் நச்சுப்பொருள்கள் அங்குத் தங்கிச் சேர இடமுண்டு. நுண்துகள்கள் உடலில் தொடர்ந்து உண்டாக்கும் அழற்சி, உயிரணுக்களின் பழுதுபார்க்கும் திறனைச் சோர்வடையச் செய்கிறது. பிறப்பின்போதும் பருவமெய்தும் காலத்திலும் மார்பகத் திசு வளர்ச்சிநிலையில் இருப்பதால், அக்காலத்து மாசு பல பத்தாண்டுகள் கழித்தும் தடம் பதிக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். சிறுமியரின் பள்ளிச் சுற்றுப்புறக் காற்றும் இவ்வகையில் அவர்களது நடுவயது நலத்தோடு தொடர்புடையதாகிறது.

தீவிரம் என்பது யாது?

நோய் வருகிறதா என்பது ஒரு வினா; வந்தால் எவ்வளவு தீவிரமாக வருகிறது என்பது வேறொரு வினா. மருத்துவர் தீவிரத்தை மூன்று வழிகளில் அளக்கிறார். முதலாவது, நோய்க்கட்டம்: கட்டியின் அளவு, அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியுள்ளதா, எலும்பு, ஈரல், நுரையீரல் போன்ற தொலை உறுப்புகளை எட்டியுள்ளதா என்பன. இரண்டாவது, உயிரணுக்களின் தரநிலை: நுண்ணோக்கியில் அவை இயல்பான தோற்றத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்பது. மூன்றாவது, ஏற்பிகள்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், 'ஹெர் 2' ஆகியவற்றுக்கான ஏற்பிகள் உள்ளனவா என்பது. மூன்றும் இல்லாத வகைக்குச் சிகிச்சை வழிகள் குறைவு. அது வேகமாகப் பரவும் இயல்பும் உடையது.

காற்று மாசு தீவிரத்தை நேரே கூட்டுகிறதா? இங்குச் சான்றுகள் இன்னும் ஒருமுகப்படவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளைக்கொண்டு 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, நுண்துகள் மிகுந்த இடங்களில் வாழ்ந்த நோயாளிகளின் உயிர்வாழ்காலம் குறைவாக இருந்ததைக் கண்டது. அந்நாட்டுச் செவிலியரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2019-இல் வந்தது. நோயாளிகள் அனைவரையும் ஒருங்கே பார்த்தபோது அத்தகைய தொடர்பு புலப்படவில்லை. ஆனால் முதற்கட்டத்திலேயே நோய் கண்டறியப்பட்டவர்களை மட்டும் தனியே பார்த்தபோது, மாசு கூடிய இடங்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. 2017-இல் வெளியான வேறோர் ஆய்வு, நுண்துகள் மிகுந்த இடங்களில் வாழும் பெண்களின் மார்பகத் திசு மேமோகிராமில் அடர்த்தியாகத் தென்படும் வாய்ப்பு அதிகம் என்றது. பிற ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை. அடர்த்தி முக்கியமானது, ஏனெனில் அடர்ந்த திசு நோய் வாய்ப்பையும் கூட்டுகிறது, சிறு கட்டியை மேமோகிராமின் கண்ணிலிருந்து மறைக்கவும் செய்கிறது.

நோயாளி மார்பகத்தால் மட்டும் வாழ்பவர் அல்லர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கீமோதெரபி நோயெதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கிறது. சில மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. கதிர்வீச்சுச் சிகிச்சை நுரையீரலின் ஒரு பகுதியைத் தொடக்கூடும். அத்தகைய உடல், மாசு மிகுந்த குளிர்காலத்தைத் தாங்குவது பிறரைவிடக் கடினம்.

நம் நாட்டில் தீவிரத்தின் முதற்காரணம்

மேற்சொன்னவை அனைத்தையும் ஏற்றுக்கொண்டாலும், இந்தியாவில் மார்பகப் புற்றுநோயைத் தீவிரமாக்கும் தலையாய காரணம் வேறு. அது தாமதம். உலகப் புற்றுநோய்க் கண்காணிப்பகத்தின் மதிப்பீட்டின்படி, 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; 98,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நோய் கண்டபின் ஐந்தாண்டுகள் உயிர்வாழ்வோர் நம் நாட்டில் நூற்றுக்கு 66 பேர் அளவில் இருக்க, அமெரிக்காவில் அது 90. இந்த இடைவெளியைக் காற்றால் மட்டும் விளக்க இயலாது. கட்டி வலிக்கவில்லை என்பதால் காத்திருத்தல், சொல்லக் கூச்சம், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்ற ஒத்திவைப்பு, செலவைப் பற்றிய அச்சம் ஆகியவை முதற்கட்ட நோயை மூன்றாம் கட்டத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன.

2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு ஓர் எண்ணைத் தருகிறது: 30 முதல் 49 வயதுடைய பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டோர் 0.9 விழுக்காடு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

இதற்கு மாற்று உண்டு என்பதை மும்பை காட்டியது. டாடா நினைவு மருத்துவமனையின் ஆராய்ச்சியாளர்கள் அந்நகரின் எளிய குடியிருப்புகளில் வாழும் 1,51,538 பெண்களை இரு பிரிவுகளாக்கி இருபது ஆண்டுகள் கவனித்தனர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், இரண்டாண்டுக்கு ஒருமுறை எனச் சில சுற்றுகள், கையால் மார்பகப் பரிசோதனை செய்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. 2021-இல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்ட பிரிவில் நோய் முந்தைய கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேற்பட்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் இறப்புக் குறைவு அவ்வாறு தெளிவாகப் புலப்படவில்லை. மாசு நிறைந்த அதே மாநகரத்தில், அதே காற்றைச் சுவாசித்த பெண்களிடையே கிடைத்த பலன் இது.

செய்யத்தக்கவை

காற்றைத் தனி ஒருவர் தூய்மைப்படுத்த இயலாது. தம் உடலில் சேரும் பங்கைச் சற்றுக் குறைக்கலாம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் காற்றுத் தரக் குறியீட்டைக் காலையில் பார்க்கும் பழக்கம் நன்று. 200-க்கு மேல் சென்றால் 'மோசம்', 300-க்கு மேல் 'மிக மோசம்', 400-க்கு மேல் 'கடுமை'. அத்தகைய நாள்களில் விடியற்கால நடைப்பயிற்சியை வீட்டினுள் மாற்றிக்கொள்ளலாம். பயிற்சியை அடியோடு விட்டுவிடலாகாது. உடற்பயிற்சி மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று. வெளியே செல்லவேண்டியவர்கள், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணிதல் நலம். துணிக்கவசம் நுண்துகளைத் தடுப்பதில்லை.

வீட்டினுள்ளும் புகை உண்டு. விறகடுப்பு, கொசுவர்த்திச் சுருள், மூடிய அறையில் எரியும் ஊதுவத்தி, வீட்டாரின் சிகரெட் ஆகியவை நுண்துகளின் ஊற்றுகள். சமையலறையில் புகைபோக்கி விசிறி ஓடட்டும். குடியிருப்பு வளாகத்தில் சருகும் குப்பையும் எரிக்கப்படுவதைச் சங்கத்தின் வழியே நிறுத்தலாம்.

பரிசோதனையே அனைத்திலும் முதன்மையானது. அரசின் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில், 30 வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார மையங்களில் மார்பகப் பரிசோதனை செய்ய ஏற்பாடு உள்ளது. வலியில்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் கழலை இவற்றில் எதைக் கண்டாலும் நாள் கடத்தாமல் மருத்துவரை அணுகவேண்டும். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதை உறுதிப்படுத்த வேண்டியவர் மருத்துவரே. மேமோகிராம் எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதை வயது, குடும்ப வரலாறு ஆகியவற்றைக்கொண்டு அவரே கூறுவார். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருந்தால் அதை முதலிலேயே தெரிவித்துவிடுதல் வேண்டும்.

பணமும் பாதுகாப்பும்

நோயின் தீவிரம் மருத்துவமனையில் மட்டும் அளக்கப்படுவதில்லை; காப்பீட்டுப் பத்திரத்திலும் அளக்கப்படுகிறது. இதைப் பலர் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட பின்னரே அறிகின்றனர்.

தீவிர நோய்க் காப்பீடு என்பது நோய் உறுதியானதும் ஒரு மொத்தத் தொகையை வழங்குவது. அதற்கான நிலையான வரையறை 'குறிப்பிட்ட தீவிரம் உடைய புற்றுநோய்' என்பதாகும். பால்குழாய்க்குள்ளேயே தங்கி, சுற்றியுள்ள திசுவில் ஊடுருவாத தொடக்கநிலைப் புற்றுநோய்க்கு அவ்வரையறையில் இடமில்லை. ஆகவே பரிசோதனையில் மிக முன்னதாக நோயைக் கண்டுகொண்ட பெண்மணிக்கு அப்பத்திரத்தின்கீழ் தொகை கிடைக்காமற்போகலாம். புற்றுநோய்க்கென்றே உள்ள தனிப் பத்திரங்கள் சில, தொடக்கநிலைக்கும் ஒரு பகுதித் தொகையை வழங்குகின்றன. மருத்துவமனைச் செலவை ஈடுசெய்யும் வழக்கமான உடல்நலக் காப்பீடு நோய்க்கட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே செலவை ஈடுசெய்யும் பத்திரம் அடித்தளமாகவும், மொத்தத் தொகை தரும் பத்திரம் அதன்மேல் துணையாகவும் அமைவது நன்று.

பத்திரத்தில் காத்திருப்புக் காலத்தைப் படித்துப் பாருங்கள். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு மூன்றாண்டுக்கு மேற்படலாகாது என்பது 2024-ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதி. நோய் வந்தபின் எடுக்கும் பத்திரத்தால் உடனடிப் பயன் இல்லை என்பதே இதன் பொருள். பணியிடம் தரும் குழுக் காப்பீடு பணியோடு முடிந்துவிடக்கூடியது என்பதால், நலமாக உள்ளபோதே தமக்கென ஒன்று எடுத்துவைப்பது விவேகம். குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் பெருந்தொகையும், இல்லத்தரசி பெயரில் சிறுதொகையும் என்ற வழக்கத்தையும் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

பழைய வருமானவரி முறையைத் தேர்ந்தோர், உடல்நலக் காப்பீட்டுக்கான கழிவு வரம்புக்குள் முன்தடுப்புப் பரிசோதனைக்கென 5,000 ரூபாய் வரை கோரலாம். தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை தருகிறது. 70 வயது நிரம்பியோர் அனைவரும் 2024 முதல் வருமான வரம்பின்றி அதில் சேரத் தகுதி பெற்றுள்ளனர்.

இரு கடமைகள்

கடன் இரு வகைப்படும். ஒன்று நாம் கையெழுத்திட்டு வாங்குவது. மற்றொன்று நம்மைக் கேளாமலே நம் பெயரில் ஏறுவது. நகரக் காற்று இரண்டாம் வகை. அதைத் தீர்க்கும் பொறுப்பு தனி மனிதரிடம் மட்டும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 1998-ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து, 2002-ஆம் ஆண்டின் முடிவுக்குள் தில்லியின் பேருந்துகள் டீசலிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறின. முனைந்தால் ஒரு மாநகரம் தன் எரிபொருளையே மாற்றிக்கொள்ள இயலும் என்பதற்கு அது சான்று. பொதுப் போக்குவரத்து, குப்பை மேலாண்மை, தாள் எரிப்புக்கு மாற்று ஆகியவற்றை நகரவாசிகள் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

அந்தக் கடன் தீரும்வரை காத்திராமல் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இவ்விதழை மூடிவைக்கும் முன், தம் வீட்டுப் பெண்கள் கடைசியாக எப்போது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டனர் என்று ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்கட்டும். விடை 'இதுவரை இல்லை' என்றால், நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவிடுங்கள். காற்று தூய்மையாகப் பல ஆண்டுகள் ஆகலாம்; அந்தப் பரிசோதனைக்குக் கால் மணி நேரம் போதும்.